கனமான லெதர் ஜாக்கெட் வாங்குவதற்கு முன்: எந்தத் தோல், எந்த அளவு

சித்தி மகன் ஜெர்மனிக்கு வேலைக்குப் போய் ஒரு வருடம் ஆகிறது. பழைய பைக் ஒன்று வாங்கிவிட்டான், குளிர் வருவதற்குள் நல்ல லெதர் ஜாக்கெட்டும் வேண்டுமாம். போனில் அவன் கேட்ட முதல் கேள்வி, "அண்ணா, குதிரைத்தோல் நல்லதா, மாட்டுத்தோல் நல்லதா?" நான் பதில் சொல்லாமல், "உனக்கு மார்பளவு எத்தனை இஞ்சு? வண்டியில் நிமிர்ந்து உட்காருவாயா, குனிந்தா?" என்று கேட்டேன். எந்த மிருகத்தின் தோல் என்பதை எல்லோரும் முதலில் கேட்கிறார்கள், ஆனால் அது மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வர வேண்டிய கேள்வி. அன்றைக்கு அவனிடம் ஒரு மணி நேரம் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கனமான ஜாக்கெட் என்று நான் சொல்வது தோலின் தடிமன் சுமார் 1.2 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருப்பதை. மாலில் தொங்கும் ஃபேஷன் ஜாக்கெட்டுகளில் பெரும்பாலும் 0.6 முதல் 0.8 வரைதான் இருக்கும். அமெரிக்கத் தயாரிப்புகளில் தடிமனை அவுன்ஸில் சொல்வார்கள், ஒரு அவுன்ஸ் என்றால் சுமார் 0.4 மில்லிமீட்டர், ஆக 3 அவுன்ஸ் என்று போட்டிருந்தால் 1.2 என்று எடுத்துக்கொள்ளலாம். இந்தத் தடிமனில் தைத்த ஜாக்கெட் இரண்டரை, மூன்று கிலோ வரும். சென்னை வெயிலுக்கு இது ஆகாது, அங்கே ஓட்டுபவர்கள் காற்று போகும் மெஷ் ஜாக்கெட் பக்கம் போய்விடுங்கள். குளிர் ஊர்களில் ஓட்டுபவர்களுக்கும், ஒரே ஜாக்கெட்டை இருபது வருடம் போடலாம் என்று நினைப்பவர்களுக்கும்தான் மற்ற விஷயங்கள்.

முதலில் அளவு. ஏன் தோலுக்கு முன்னால் அளவு என்றால், துணியைப் பிரித்துத் தைக்கலாம், தோலைப் பிரித்தால் ஊசி போன ஓட்டை அப்படியே நிற்கும். பிடித்துத் தைக்க முடியும், அதுவும் தடித்த தோலைத் தைக்கும் மெஷின் இருக்கிற இடத்தில். விட்டுத் தைக்க முடியாது. அதோடு தடித்த தோல் துணி மாதிரி உடம்பில் வழிந்து விழாது, தன் வடிவத்திலேயே நிற்கும். தோளில் ஒரு இஞ்சு கூடினால் சட்டையில் யாருக்கும் தெரியாது, இதில் தோளுக்கு மேல் ஒரு கூடாரம் நிற்கும். "போடப் போட செட் ஆகிவிடும்" என்று கடையில் சொல்வார்கள். முழங்கையிலும் முதுகிலும் தோல் நெகிழ்ந்து கொடுக்கும், அது உண்மை. மார்பும் தோளும் தப்பாக இருந்தால் பத்து வருடம் போட்டாலும் தப்பாகத்தான் இருக்கும்.

லேபிளில் 40, 42 என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் 40 இன்னொரு கம்பெனியில் 44 மாதிரி இருக்கும். ஜாக்கெட்டைத் தரையில் விரித்து, ஜிப்பை மூடி, ஒரு அக்குள் தையலிலிருந்து மறு அக்குள் தையல் வரை டேப் வையுங்கள். அதை இரண்டால் பெருக்கினால் வருவதுதான் அந்த ஜாக்கெட்டின் உண்மையான மார்பளவு. உங்கள் மார்பு 40 என்றால், உள்ளே டி-ஷர்ட் மட்டும் போடுபவருக்கு 43, 44 போதும். தடித்த ஸ்வெட்டரும் போட வேண்டுமென்றால் 45, 46. இதற்கு மேல் போனால் வண்டியில் காற்று உள்ளே புகுந்து ஜாக்கெட் பலூன் மாதிரி உப்பும். கீழே விழும்போது ஜாக்கெட் சுழன்று, அடியைத் தாங்க முழங்கையில் இருக்க வேண்டிய தடுப்பு வேறெங்கோ போய்விடும், அதுதான் பெரிய ஆபத்து.

தோள் அளவு என்பது பின்பக்கம் ஒரு தோள் தையலிலிருந்து மறு தையல் வரை. உங்களுக்குச் சரியாகப் பொருந்தும் கோட்டோ வேறு ஜாக்கெட்டோ இருந்தால் அதை அளந்து ஒப்பிடுங்கள். சட்டையை அளக்க வேண்டாம், சட்டையில் தோள் இறங்கியிருப்பது வழக்கம்.

இனி கைக்குழி, அதாவது ஜாக்கெட்டின் கை உடம்புப் பகுதியோடு சேரும் வட்டம். ஜாக்கெட்டில் பலர் பார்க்காமல் விடுவது இதைத்தான், எனக்கு மிக முக்கியமாகப் படுவதும் இதுதான். கையைத் தூக்க முடியவில்லை, பிடிக்கிறது என்றதும் எல்லோரும் ஒரு சைஸ் பெரியதைக் கேட்கிறார்கள். பெரிய சைஸில் கைக்குழி இன்னும் கீழே இறங்கும், அப்போது கையைத் தூக்கினால் ஜாக்கெட் முழுவதும் சேர்ந்து மேலே வரும், இன்னும் மோசமாகப் பிடிக்கும். கைக்குழி சிறியதாக, அக்குளுக்கு நெருக்கமாக இருந்தால்தான் கை தனியாக அசையும், உடம்புப் பகுதி இருந்த இடத்திலேயே இருக்கும். பழைய விமானி ஜாக்கெட்டுகளும் பைக் ஜாக்கெட்டுகளும் போட்டதும் அக்குளில் இறுக்கமாகத் தோன்றுவது இதனால்தான். சோதிப்பது சுலபம். ஜிப்பை முழுதாக ஏற்றிவிட்டு, ஹேண்டில்பாரைப் பிடிப்பது மாதிரி இரு கைகளையும் முன்னால் நீட்டுங்கள், பிறகு தலைக்கு மேல் தூக்குங்கள். கீழ் விளிம்பு ஒன்றிரண்டு இஞ்சு ஏறினால் பரவாயில்லை. தொப்புள் தெரிகிற அளவுக்கு ஏறினால் அந்த ஜாக்கெட் உங்களுக்கு இல்லை, எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

முதுகில் தோளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் ஒரு மடிப்பு வைத்துத் தைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். கையை முன்னால் நீட்டும்போது அந்த மடிப்பு விரிந்து கொடுக்கும், நிமிர்ந்தால் மூடிக்கொள்ளும். குனிந்து ஓட்டுகிற வண்டி என்றால் அது மிகவும் உதவும்.

கை நீளம் கடையில் கண்ணாடி முன்னால் நின்று பார்க்கும்போது கொஞ்சம் அதிகமாகத்தான் தெரிய வேண்டும், கட்டைவிரல் தொடங்கும் இடம் வரை. இதற்கு இரண்டு காரணம். வண்டியில் கையை நீட்டினால் ஜாக்கெட்டின் கை மேலே இழுபடும். அப்புறம், தடித்த தோல் சில மாதம் போட்டதும் முழங்கை உட்பக்கம் அடுக்கடுக்காக மடிப்பு விழும், அந்த மடிப்புகள் அரை இஞ்சோ அதற்குக் கொஞ்சம் மேலோ நீளத்தைத் தின்றுவிடும். புதிதில் மணிக்கட்டில் கச்சிதமாக நிற்கிற கை, அடுத்த வருடம் குட்டையாக இருக்கும்.

நீளத்தைப் பொறுத்தவரை, ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள், கடையில் நாற்காலி கேட்க வெட்கப்பட வேண்டாம். முன்பக்கம் நீளமாக இருந்தால் தடித்த தோல் மடங்காமல் தொடையில் முட்டி, காலர் தாடையில் இடிக்கும். பைக் ஜாக்கெட்டுகள் இடுப்பு வரைக்கும்தான் வருவதற்குக் காரணம் அதுதான். நியூயார்க்கில் இர்விங் ஷாட் 1928-ல் செய்த பெர்ஃபெக்டோ ஜாக்கெட்டில் ஜிப் குறுக்காகப் போகும், முன்பக்கத் தோல் ஒன்றன் மேல் ஒன்றாக மடிந்து நெஞ்சில் காற்றை அடைக்கும். அது வண்டி ஓட்டுபவனை மனதில் வைத்துச் செய்த வடிவம், இன்றைக்கும் அதைப் பார்த்துத்தான் பாதிப் பேர் தைக்கிறார்கள்.

சரி, தோலுக்கு வருவோம்.

நான் வாணியம்பாடிக்காரன். மாமா ஒருவர் தோல் பதனிடும் டேனரியில் தோலைத் தரம் பிரிக்கும் வேலையில் இருந்தார். பள்ளி விடுமுறையில் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது பார்த்திருக்கிறேன், மேசையில் தோலைப் போட்டு, முதலில் நடு முதுகைத் தடவுவார், பிறகு வயிற்றுப் பக்கத்தை இரண்டு விரலால் கிள்ளி இழுப்பார், அப்புறம் மேல்பக்கம் உள்ளே போகும்படி மடித்து அந்த மடிப்பைக் கட்டைவிரலால் அழுத்துவார். ஒரு தோலுக்கு ஐந்தாறு விநாடி. "முதுகு எலும்பு மாதிரி, வயிறு இட்லி மாதிரி, ரெண்டையும் ஒரே விலைக்கு வாங்குறவன்தான் ஏமாறுறான்" என்பார். ஒரே மாட்டின் தோலில் முதுகுப் பகுதியில் நார்கள் நெருக்கமாக இருக்கும், வயிற்றுப் பகுதியில் தளர்ந்து இழுபடும். நல்ல ஜாக்கெட் தைப்பவர்கள் முதுகு, நெஞ்சு, கையின் வெளிப்பக்கம் இவற்றுக்கு முதுகுத் தோலை வைத்துவிட்டு, வயிற்றுத் தோலைக் கண்ணில் படாத சிறு துண்டுகளுக்கு வைப்பார்கள். மலிவான ஜாக்கெட்டில் எது கிடைத்ததோ அது.

மாமா செய்த அதே சோதனையைக் கடையில் நீங்களும் செய்யலாம். ஜாக்கெட்டின் முன்பக்கம், கை, முதுகு மூன்று இடத்திலும், தோலின் வெளிப்பக்கம் உள்ளே போகும்படி லேசாக மடியுங்கள். பொடிப்பொடியாக நெருங்கிய சுருக்கம் விழுந்து, விட்டதும் மறைந்தால் நார் இறுக்கமான தோல். வெங்காயச் சருகு மாதிரி மேல்பக்கம் தனியாக எழும்பி, பெரிய பெரிய சுருக்கமாக விழுந்தால் அது தளர்ந்த தோல், என்ன மிருகமாக இருந்தாலும் வேண்டாம். மூன்று இடத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதும் முக்கியம். இடது கையும் வலது கையும் வேறு வேறு விதமாகச் சுருங்கினால், வெட்டியவர் கவனிக்கவில்லை என்று அர்த்தம்.

இனி மிருகம். கனமான ஜாக்கெட்டுகளில் அதிகம் வருவது மாட்டுத்தோல், குறிப்பாகக் காயடித்த எருதின் தோல். பெரிய தோல் என்பதால் முதுகை ஒட்டுப்போடாமல் ஒரே துண்டாக வெட்டலாம். மாட்டின் முழுத்தோல் நான்கைந்து மில்லிமீட்டர் தடிமன், அதை மெஷினில் கிடையாகப் பிளந்து மேல் அடுக்கை மட்டும் 1.2, 1.4 என்று எடுக்கிறார்கள். அந்த மேல் அடுக்கை எதுவும் செய்யாமல் அப்படியே விட்டால் அதுதான் ஃபுல் கிரெயின். முள் கீறல், உண்ணி கடித்த தழும்பு எல்லாம் இருந்தால் மேலே தேய்த்து, பெயின்ட் அடித்து, அச்சு வைத்து அழுத்திப் புது மேற்பரப்பை உண்டாக்குவார்கள். அது மோசமான தோல் என்று சொல்ல மாட்டேன், மழையைக்கூட நன்றாகத் தாங்கும், ஆனால் பழகப் பழக அழகாகாது. கண்டுபிடிக்க, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நெஞ்சிலும் முதுகிலும் கையிலும் புள்ளிகள் அச்சடித்த மாதிரி ஒரே சீராக இருந்தால் தேய்த்த தோல். இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறினால், மயிர்க்கால் துளை தெரிந்தால், அசல் மேல்தோல்.

பிளந்ததில் மிஞ்சும் கீழ் அடுக்கின் மேல் பிளாஸ்டிக் படலம் ஒட்டி விற்பதும் உண்டு. நான் இங்கிலாந்து வந்த புதிதில் வாங்கிய முதல் ஜாக்கெட் அதுதான். "ஜென்யூன் லெதர்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது, தோல்தான், பொய்யும் இல்லை. இரண்டாவது குளிர்காலத்தில் காலர் மடிப்பில் கறுப்புச் செதில் செதிலாக உரிந்து சட்டையெல்லாம் ஒட்டியது. அந்த வார்த்தை தரத்தைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை. ஃபுல் கிரெயின் என்று எழுதியிருக்கிறதா, தடிமன் எவ்வளவு என்று எழுதியிருக்கிறதா, அதைத் தேடுங்கள்.

குதிரைத்தோலுக்கு இவ்வளவு மவுசு ஏன் என்றால், அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்க ராணுவ விமானிகளுக்கு 1931-ல் ஏற்றுக்கொண்ட ஏ-2 ஜாக்கெட் பெரும்பாலும் குதிரைத்தோலில்தான் தைக்கப்பட்டது. குதிரைகள் நிறைய இருந்த காலம், தோலும் தாராளமாகக் கிடைத்தது. வயலிலும் தெருவிலும் குதிரை குறைந்ததும் தோலும் குறைந்தது, மாட்டுத்தோல் அந்த இடத்துக்கு வந்தது. இன்று நல்ல குதிரைத்தோல் என்றால் சிகாகோவில் 1905 முதல் இருக்கும் ஹார்வீன், ஜப்பானில் ஹிமேஜி ஊரின் ஷின்கி போன்ற சில டேனரிகளின் பெயர்தான் அடிபடும், விலையும் அதற்கேற்ப. நார் இறுக்கம், மேற்பரப்பு வழவழப்பு, ஒருவிதப் பளபளப்பு, மடிப்பு விழும்போது கூர்மையான கோடுகளாக விழும். புதிதில் அட்டை மாதிரி இருக்கும், கையை மடக்கவே ஒரு மாதம் போராட வேண்டியிருக்கும். அதுவும் குதிரையின் முன்பகுதித் தோல் ஒரு ரகம், பின்பகுதித் தோல் இன்னும் முரட்டு ரகம். அந்தப் பழகும் காலத்தை ரசிப்பவர்களுக்கு இதைப் போல வேறு இல்லை. தினமும் வேலைக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டும், உடனே சுகமாக இருக்க வேண்டும் என்பவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

வெள்ளாட்டுத்தோலைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ஆட்டுத்தோல் என்றதும் மெல்லிசு என்று ஒதுக்குகிறார்கள். செம்மறித்தோலும் வெள்ளாட்டுத்தோலும் ஒன்றல்ல. செம்மறியில் மேல் அடுக்குக்கும் கீழ் அடுக்குக்கும் நடுவில் கொழுப்பு அதிகம், கொழுப்பை எடுத்த பிறகு அந்த இடம் பஞ்சு மாதிரி ஆகி, இழுத்தால் சுலபமாகக் கிழியும். போட மிகவும் மெத்தென்று இருக்கும், விழுந்து ரோட்டில் உரசினால் நிற்காது. வெள்ளாட்டின் தோலில் நார்கள் நெருங்கிப் பின்னியிருக்கும், எடைக்குப் பார்த்தால் உறுதி அதிகம், மேலே மணல் தூவிய மாதிரி சொரசொரப்பு. அமெரிக்கக் கடற்படை விமானிகளின் ஜி-1 ஜாக்கெட் வெள்ளாட்டுத்தோல்தான். முதல் நாளே உடம்போடு ஒட்டும், கீறல் தெரியாது, மழை பட்டாலும் கவலை குறைவு. முதல் கனமான ஜாக்கெட் வாங்குபவருக்கு, சுமார் 1.2 தடிமனில் நல்ல வெள்ளாட்டுத்தோல் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்பது என் கருத்து.

எருமைத்தோல் இந்தியத் தயாரிப்புகளில் நிறைய வரும். தடிமனான, பெரிய புள்ளி போட்ட தோல், விலை குறைவு. அந்தத் தடிமனோடு வைத்தால் உறுதியாக இருக்கும், மெல்லியதாகப் பிளந்துவிட்டால் மாட்டுத்தோல் அளவுக்கு உறுதி இருக்காது. வெளிநாட்டுக் கடையில் பஃபலோ என்று போட்டிருந்தால் நம் எருமையா, அமெரிக்கக் காட்டெருமையா என்று கேளுங்கள், இரண்டும் வேறு. கங்காரு தோல் ரேஸ் சூட்டுகளில் போடுவார்கள், மெலிதாகவும் உறுதியாகவும் இருக்கும்.

மிருகத்தைவிடப் பதனிட்ட விதம் ஜாக்கெட்டின் குணத்தை அதிகம் மாற்றுகிறது. குரோம் உப்பில் பதனிட்டால் ஒரு நாளில், இரண்டு நாளில் வேலை முடியும், தோல் மிருதுவாக, தண்ணீரும் சூடும் தாங்கும்படி வரும். மரப்பட்டையில் பதனிட வாரக்கணக்கில் ஆகும், தோல் விறைப்பாக, கனமாக, வெயில் படப்பட நிறம் ஏறும்படி வரும். எங்கள் பக்கம் ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோல்தான் ஒரு காலத்தில் சென்னைத் துறைமுகம் வழியாக லண்டனுக்குப் போனது, கிழக்கிந்தியத் தோல் என்றே அதற்குப் பெயர். எது என்று தெரிந்துகொள்ள, உள்பாக்கெட்டிலோ காலருக்கு அடியிலோ வெட்டிய விளிம்பு தெரியும் இடத்தைத் தேடிப் பாருங்கள். நடுவில் நீலமோ சாம்பலோ ஓடினால் பெரும்பாலும் குரோம். மண் நிறமாக இருந்தால் பெரும்பாலும் பட்டை. கறுப்பு ஜாக்கெட்டுக்குள் தேநீர் நிறம் தெரிந்தால், தேயத் தேய முழங்கையிலும் விளிம்பிலும் கறுப்பு போய் அந்தப் பழுப்பு எட்டிப் பார்க்கும், அதற்காகவே தேடி வாங்குபவர்கள் உண்டு. ஹார்வீனின் குரோம்எக்ஸெல் மாதிரி இரண்டையும் சேர்த்துச் செய்யும் தோலும் இருக்கிறது. மழை ஊரில் தினமும் ஓட்டுபவருக்குக் குரோம் போதும்.

தையலில் இஞ்சுக்கு எட்டு, ஒன்பது தையல் இருந்தால் நல்லது. நெருக்கமாகத் தைத்தால் உறுதி என்பது துணிக்கு, தோலில் அது தபால்தலை ஓரம் மாதிரி ஓட்டை போட்டு வைப்பதுதான். நூல் பாலியெஸ்டராகவோ நைலானாகவோ இருக்கட்டும், பருத்தி நூல் வியர்வையில் இற்றுவிடும். ஜிப் உலோகத்தில், பெரிய பல்லாக. லைனிங் எதுவாக இருந்தாலும் மாற்றிக்கொள்ளலாம், அதற்காகத் தயங்க வேண்டாம்.

பைக்குக்கு என்றால் இன்னொன்று. தடித்த தோல் உரசலைத் தாங்கும், அடியைத் தாங்காது. எலும்பைக் காக்க முழங்கை, தோள், முதுகில் தனியாகத் தடுப்பு வேண்டும், அதை வைக்க உள்ளே பை இருக்கிறதா என்று பாருங்கள். ஐரோப்பாவில் பைக்குக்கென்று விற்பவற்றில் EN 17092 என்ற தர எண்ணும் பக்கத்தில் AAA, AA, A மாதிரி ஒரு தரப் பிரிவும் லேபிளில் இருக்கும், A எண்ணிக்கை கூடக் கூட உரசலைத் தாங்கும் திறன் கூடும். பார்க்கப் பழைய பைக் ஜாக்கெட் மாதிரியே இருந்து இந்த லேபிள் இல்லாதவையும் நிறைய விற்கிறார்கள். தடுப்பை வைத்துக்கொண்டு கையை மடக்கிப் பாருங்கள், முழங்கை மேல் சரியாக உட்கார வேண்டும்.

பழையது வாங்குவதில் தப்பே இல்லை, பாதி விலைக்கு, பழகிய தோல் கிடைக்கும். மடிப்புகளில் விரலால் தேய்த்துப் பாருங்கள், சிவப்புப் பொடி வந்தால் தோல் இற்றுவிட்டது, எந்த எண்ணெய் போட்டாலும் திரும்பாது. அக்குளை மோந்து பாருங்கள். பூஞ்சை மேலாக இருந்தால் துடைத்து நிழலில் காய வைக்கலாம், லைனிங்குக்குள் போய்விட்டால் அந்த வாடை போகாது.

தம்பி நேற்று இரவு அளவெல்லாம் எழுதி அனுப்பினான். மார்பு 39, தோள் பதினேழரை, ஓட்டுவது நிமிர்ந்து உட்காரும் வண்டி, தினமும் ஆபீஸுக்குப் போக. அவன் மனதில் வைத்திருந்தது அக்குளுக்கு அக்குள் 24 இஞ்சு இருக்கிற குதிரைத்தோல் ஜாக்கெட், அதாவது மார்பு 48, ஒன்பது இஞ்சு அதிகம். தள்ளுபடியில் அந்த ஒரு சைஸ்தான் மிச்சமாம். அதை விடச் சொல்லிவிட்டேன். இரண்டாவதாக ஒரு வெள்ளாட்டுத்தோல் ஜாக்கெட் அனுப்பியிருந்தான், அக்குளுக்கு அக்குள் இருபத்தொன்றரை, 1.2 தடிமன், முதுகில் மடிப்பு உண்டு, தடுப்புக்குப் பை உண்டு. கைக்குழி அளவு மட்டும் போடவில்லை. கடைக்கு எழுதி, டேப் வைத்து ஒரு போட்டோ கேட்கச் சொல்லியிருக்கிறேன்.